தேய்ந்த இருக்கைக்குள் எதை நிரப்புவது?

உட்காரும் இடம் குழிந்து, கைப்பிடித் துணி இழை இழையாய்ப் பிரிந்துபோன நாற்காலியை வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவர் பெரும்பாலும் முதலில் துணிக்கடைக்குத்தான் போகிறார். எந்த நிறம், எந்த ரகம், மீட்டர் என்ன விலை என்பதிலேயே யோசனையெல்லாம் செலவாகிவிடுகிறது. இருக்கை குழிந்ததற்கும் துணிக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. குழிவது உள்ளே இருப்பது. அந்த உள்ளே எது இருக்க வேண்டும், அல்லது எதுவுமே இருக்கக்கூடாதா என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கேள்வி. அது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீளும் வாதம்.

1689-இல் லண்டனின் பிரம்பு நாற்காலி செய்வோர் நாடாளுமன்றத்தில் ஒரு மனு கொடுத்தார்கள். பிரம்பு வந்ததால் மெத்தை நாற்காலிகளின் விற்பனை குறைந்து, அவற்றுக்குத் துணி நெய்த கம்பளித் தொழில் அடிவாங்கியிருந்தது. பிரம்பைத் தடுக்க வேண்டும் என்று எழுந்த கோரிக்கைக்கு இவர்கள் தந்த மறுப்பு அது. 1664 வாக்கில் இங்கிலாந்துக்கு வந்த பிரம்பு நாற்காலிகள் நீடித்து உழைக்கின்றன, கனமில்லை, மெத்தை நாற்காலிகளை விட்டு நீங்காத தூசியும் புழுவும் அந்துப்பூச்சியும் இவற்றில் அண்டுவதில்லை என்று அதில் வாதாடியிருந்தார்கள். வணிகப் போட்டியில் பிறந்த வாதம்தான். ஆனாலும் சுத்தமா சொகுசா என்று அன்று பிரிந்த இரண்டு கட்சிகள் இன்றும் சேரவில்லை.

நிரப்பவே வேண்டாம் என்போர்

முதல் கட்சியின் வாதம் எளிது: காற்று நுழையும் இருக்கையே நல்ல இருக்கை. 1859-இல் தோனெட் நிறுவனம் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி உலகம் முழுவதும் காப்பிக்கடைகளில் பரவியதற்கு வளைத்த மரம் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் அதன் பிரம்புப் பின்னலும். வெப்பநாட்டு அலுவலகங்கள், நீதிமன்றங்கள், ரயில் நிலைய ஓய்வறைகள் எல்லாவற்றிலும் பிரம்பு நாற்காலியே ஆண்டது. நம் வீடுகளில் திண்ணையோரம் கிடக்கும் சாய்வு நாற்காலியும் இந்தக் கட்சியைச் சேர்ந்ததே. இரண்டு குச்சிகளை உருவிவிட்டால் துணி கையோடு வந்துவிடும். வீட்டுத் தையல் இயந்திரத்தில் இரண்டு ஓரம் மடித்துத் தைத்தால் புதுத்துணி தயார். இருக்கை புதுப்பித்தலில் இதைவிடச் சுலபமான வேலை கிடையாது.

பிரம்புப் பின்னல் அவ்வளவு சுலபமில்லை, ஆனால் வீட்டில் கற்றுக்கொள்ள முடியாததும் இல்லை. சட்டத்தைச் சுற்றியுள்ள துளைகளில் முதலில் நெடுக்காக ஒரு வரிசை, அதன்மேல் குறுக்காக ஒன்று, மறுபடி நெடுக்காக, மறுபடி குறுக்காக, கடைசியில் இரண்டு மூலைவாட்டு வரிசைகள். ஊறவைத்த பிரம்புப்பட்டை காயும்போது சுருங்கி, பின்னல் தானாகவே விறைப்பேறும். கையின் உணர்வையும் துளைகளின் எண்ணிக்கையையும் நம்பி நடக்கும் வேலை என்பதால், இந்தியாவில் பார்வையற்றோருக்கான தொழிற்பயிற்சியில் நாற்காலி பின்னுதல் நெடுங்காலம் முக்கிய இடம் பெற்றிருந்தது.

இந்தக் கட்சிக்கும் பலவீனங்கள் உண்டு. வறண்ட அறையில் பிரம்பு காய்ந்து வெடிக்கும். பல மணி நேரம் உட்காருபவருக்குச் சட்டத்தின் முன்விளிம்பு தொடையில் அழுத்தும். பின்னல் துளைகளில் மூட்டைப்பூச்சி குடியேறும் என்பது, பூச்சி அண்டாது என்ற லண்டன் மனுவுக்கு நம் ஊர் அனுபவம் தரும் பதில். பிரம்புக்கு மாற்றாக வந்த பிளாஸ்டிக் ஒயர் பின்னல் கழுவிக்கொள்ள ஏற்றது, விலையும் குறைவு. ஆனால் வெயிலில் கிடந்தால் நொறுங்கிவிடும்.

அடுக்கடுக்காகக் கட்டுவோர்

இரண்டாவது கட்சி ஐரோப்பியப் பட்டறைகளில் வளர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டில் இருக்கைமேல் பஞ்சணை வைப்பது போய், மெத்தையைச் சட்டத்தோடு சேர்த்தே கட்டும் முறை நிலைபெற்றது. 19-ஆம் நூற்றாண்டு அதில் சுருள்வில்லைச் சேர்த்தது. வியன்னாவில் கியோர்க் யூனிகல் 1822-இலும், இங்கிலாந்தில் சாமுவேல் பிராட் 1828-இலும் ஸ்பிரிங் வைத்த இருக்கைகளுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதன் பிறகு இருக்கை உயரமாகவும் ஆழமாகவும் மாறியது. பட்டன் பதித்த சோபாக்களும் இந்தக் காலத்தில்தான் பெருகின.

அப்படியொரு பழைய நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால் அதன் கட்டுமானம் புரியும். அடியில் சணல் பட்டைகள் பாய் முடைந்ததுபோல் மேலும் கீழுமாகப் பின்னி, இழுத்து ஆணியடிக்கப்பட்டிருக்கும். அவற்றின்மேல் ஸ்பிரிங்குகளைத் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் தலையும் பின்னிருந்து முன்னுக்கு, பக்கத்திலிருந்து பக்கத்துக்கு, பிறகு மூலைக்கு மூலை என எட்டுத் திசையிலும் கயிற்றால் முடியப்பட்டிருக்கும். நடுவில் உள்ளவை நிமிர்ந்து நிற்கும். ஓரத்தில் உள்ளவை சற்றே வெளிப்புறம் சாய்ந்திருக்கும். ஸ்பிரிங்குகளை மூடியபடி கோணிச்சாக்கு. அதன்மேல் முதல் நிரப்பு, மெல்லிய சாக்கு, விளிம்பை விறைப்பாக்கும் தையல், இரண்டாவது நிரப்பு, காடாத்துணி, பஞ்சு விரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலேதான் நாம் கடையில் தேடும் அந்தத் துணி.

நிரப்பில் உயர்ந்ததாகக் கருதப்பட்டது குதிரை முடி. அதைக் கயிறாக முறுக்கி, நீராவியிலோ கொதிநீரிலோ பதப்படுத்தி, பிறகு பிரித்தெடுப்பார்கள். அப்போது ஒவ்வொரு முடியும் சின்னச் சுருள்வில்லாக மாறியிருக்கும். முதல் அடுக்குக்குக் குதிரை முடி கட்டுப்படியாகாத இடத்தில் பிரிட்டிஷ் பட்டறைகள் பயன்படுத்தியது தேங்காய் நாரை. இலங்கையின் நார் வணிகத்தில் தூரிகைக்கு ஒரு தரம், மெத்தைக்கு ஒரு தரம் என்று பிரித்து ஏற்றுமதி செய்யும் வழக்கம் இந்தத் தேவையை ஒட்டி வளர்ந்தது. விக்டோரியா காலத்து ஆங்கிலேய வீட்டு வரவேற்பறையின் அடிவயிற்றில் நம் கடலோரத் தென்னையும் இருந்தது என்பதை அறைகலன் வரலாறுகள் போகிறபோக்கில் மட்டுமே சொல்கின்றன.

இந்த முறையின் பெரிய பலம் சொகுசு இல்லை. அடுக்குகள் தனித்தனியாகப் பழுதாகும், தனித்தனியாகவே சரிசெய்யவும் முடியும் என்பதுதான். குழிந்த இருக்கைகளில் பல, அடிப்பட்டை தளர்ந்ததால் மட்டுமே குழிந்தவை. அடித்துணியைப் பிரித்துப் பட்டையை மட்டும் மாற்றினால், மேலே உள்ள துணியைத் தொடாமலே இருக்கை எழுந்துவிடும். அமுங்கிய குதிரை முடியைக் கழுவி, உலர்த்தி, கையால் கோதி மறுபடியும் நிரப்பலாம். பலவீனமும் இதே அடுக்குகளில்தான் இருக்கிறது. வேலை நாள்கணக்கில் இழுக்கும். விளிம்புத் தையல் ஒழுங்காக வர நல்ல பயிற்சி வேண்டும். ஈரக்காற்றில் சணல் மக்கும், ஆணி துருப்பிடிக்கும். விலங்கு முடி சிலருக்கு ஒவ்வாமையும் தரும்.

வெட்டி வைத்தால் போதும் என்போர்

1929-இல் பர்மிங்ஹாமில் டன்லப் ஆய்வகத்தில் ஈ. ஏ. மர்ஃபி குழுவினர் ரப்பர் பாலை நுரையாகக் கடைந்து கெட்டிப்படுத்தினார்கள். 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேனைக் கண்டறிந்தார். 1950-களில் அதிலிருந்து மெத்தென்ற ஃபோம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. இதற்கிடையே 1951-இல் மார்கோ சனுசோ வடிவமைத்த 'லேடி' நாற்காலி இந்தக் கட்சியின் அறிக்கை என்றே சொல்லலாம். சுருள்வில்லுக்குப் பதில் ரப்பர் பட்டை, முடிக்குப் பதில் வார்த்தெடுத்த நுரை, எட்டுத்திசைக் கட்டுக்குப் பதில் தொழிற்சாலை.

வீட்டில் செய்பவருக்கு இது பெரிய விடுதலையாக வந்தது. பலகையின் அளவுக்கு ஸ்பாஞ்சை வெட்டு, பசை தடவு, மெல்லிய பஞ்சு விரிப்பைப் போர்த்து, துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடி. தூக்கி எடுக்கக்கூடிய இருக்கை கொண்ட சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை அரைநாளில் முடித்துவிடலாம். இன்று வீட்டுவேலைக் கையேடுகள் பெரும்பாலும் இதைத்தான் கற்றுத்தருகின்றன. அதில் தவறில்லை.

தவறு கடையில் நடக்கிறது. ஸ்பாஞ்ச் நம் ஊரில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்று விற்கப்படுகிறது. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதே அந்த எண். அது கடினத்தைச் சொல்வதில்லை. அடர்த்தி கூடிய ஃபோம் மெத்தென்றும் இருக்கலாம், அடர்த்தி குறைந்தது கல்போலவும் இருக்கலாம். நீண்டநாள் அமுங்காமல் இருப்பதோடு தொடர்புடையது அடர்த்தி. உட்காரும்போது தாங்குவதோடு தொடர்புடையது கடினம். கையால் அழுத்தி, விறைப்பாக இருக்கிறது என்று நம்பி அடர்த்தி குறைந்ததை வாங்கியவரின் சோபா சில மாதங்களிலேயே மறுபடி குழியும். மறுபடி ஸ்பாஞ்ச், மறுபடி துணி.

ஃபோமின் ஆழமான பலவீனம் முதுமை. ரப்பர் பாலால் ஆன நுரை காற்றின் ஆக்சிஜனால் இறுகி, கடைசியில் தூளாக உதிரும். பாலியூரித்தேனில் ஒரு வகையை ஒளியும் ஆக்சிஜனும் அரிக்கின்றன, மற்றொரு வகையை ஈரம் சிதைக்கிறது. தோல்போலத் தோன்றும் பாலியூரித்தேன் பூச்சுத் துணி நம் கடலோர ஊர்களில் செதில் செதிலாக உரிவதற்கும் இந்த ஈரச்சிதைவே முக்கியக் காரணம். பழைய பிவிசி ரெக்சின் வியர்வையில் ஒட்டும், வெடிக்கும். ஆனால் இப்படி உரியாது. முடியையும் நாரையும்போல ஃபோமைக் கோதிப் புதுப்பிக்க வழியில்லை. உதிர்ந்ததைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

தீ கிளப்பிய கேள்வி

1979 மே 8 அன்று மான்செஸ்டர் நகர வுல்வொர்த்ஸ் கடையில் அறைகலன் பகுதியில் பற்றிய தீயில் 10 பேர் இறந்தார்கள். பாலியூரித்தேன் ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் எழுகிறது. புகையே ஆளைக் கொல்லும். அந்த விபத்துக்குப் பிறகு வளர்ந்த அழுத்தத்தில் பிரிட்டன் 1988-இல் மெத்தை அறைகலன்களுக்கான தீப்பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. கலிபோர்னியா 1975-லேயே தன் விதியை எழுதியிருந்தது. இரண்டின் விளைவும் ஒன்றே: ஃபோமில் தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் ஏராளமாகக் கலக்கப்பட்டன.

அடுத்த திருப்பம் யாரும் எதிர்பாராதது. அந்தப் பொருள்களில் பல ஃபோமோடு வேதிப்பிணைப்பு கொள்ளாமல் வெறுமனே கலந்திருப்பவை. மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் சேர்ந்தன. புரோமின் கலந்த சில தீத்தடுப்பான்கள் 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் ஏறின. கலிபோர்னியா 2013-இல் விதியைத் திருத்தி, தீச்சுடர்ச் சோதனைக்குப் பதிலாகக் கனன்று எரியும் சிகரெட்டைத் தாங்கும் சோதனையை வைத்தது. வேதிப்பொருள் இல்லாமலும் அதில் தேறலாம். இங்கிலாந்தில் 2023 முதல் இத்தகைய மாசு கலந்த பழைய சோபாக் கழிவுகளை நிலத்தில் கொட்டக்கூடாது, எரித்தே அழிக்க வேண்டும்.

வீட்டில் பழையதைப் புதுப்பிப்பவரை இது நேராகத் தொடுகிறது. பழையதைக் காப்பாற்றுவது சூழலுக்கு நல்லது என்பது பொதுவான நம்பிக்கை. மரச்சட்டத்தைப் பொறுத்தவரை அது சரி. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சோபாவின் உதிரும் ஃபோமை அப்படியே வைத்து மேலே புதுத்துணி போர்த்துவது வேறு விஷயம். அதை வெளியே எடுப்பதே மேல், அதுவும் மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து. பலவகை ஃபோம் துண்டுகளை அரைத்து ஒட்டிச் செய்யும் மறுசுழற்சி ஸ்பாஞ்சிலும் இதே ஐயம் உண்டு. எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.

இதில் இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. பிரிட்டனின் 1988 விதிகள் 1950-க்கு முன் செய்த அறைகலன்களையும், அவற்றைப் புதுப்பிக்கும் பொருள்களையும் விலக்கின. முடியும் நாரும் நிரப்பிய பழைய நாற்காலி ஃபோமைப்போல எரிவதில்லை என்ற புரிதல் இதற்குப் பின்னால் இருந்திருக்கலாம். ஆனால் 'இயற்கைப் பொருள்' என்பதாலேயே தீயிலிருந்து பாதுகாப்பு கிடைத்துவிடாது. இலவம்பஞ்சு மிக எளிதில் பற்றும்.

பஞ்சும் நாரும்

இலவம்பஞ்சின் இழை உள்ளே கூடானது, மேலே மெழுகுப்பூச்சு கொண்டது. அதனால் தண்ணீரை ஏற்காது. உயிர்காப்பு மிதவைகளில் ஒருகாலத்தில் அதையே அடைத்தார்கள். போடிநாயக்கனூர் வட்டாரத்தில் அது இன்றும் பெரிய தொழில். படுக்கைக்கும் தலையணைக்கும் ஏற்றது. இருக்கைக்கு ஓரளவுதான். ஒரே இடத்தில் தொடர்ந்து எடை விழுந்தால் கூடான இழை நசுங்கிக் கட்டிதட்டும். வெயிலில் போட்டு, பிரித்து உதறினால் ஓரளவு மீளும். ஜிப் வைத்த தனிக் குஷனாக இருந்தால் அது முடியும். சட்டத்தோடு சேர்த்து ஆணியடித்த இருக்கையில் முடியாது.

ரப்பர் ஊட்டிய தேங்காய் நார் வேறு வகை விடை. நாரைக் கயிறாக முறுக்கிச் சுருள் ஏற்றி, பிரித்து, ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்திச் சூட்டில் பதப்படுத்துகிறார்கள். குதிரை முடிக்குப் பழைய பட்டறைகள் செய்த அதே முறுக்கு வேலைதான் இது, இயந்திர அளவில். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் இருக்கைகளிலும் இந்த வகை மெத்தைகள் இருந்தன. காற்று நுழையும், ஈரம் தங்காது, ஃபோமைப்போல ஒரேயடியாக அமுங்காது. விறைப்பானது, ஓரம் உதிரும், வளைவான வடிவங்களுக்குச் சரிவராது. கீழே நார், மேலே மெல்லிய ஃபோம் என்ற கூட்டு ஏற்பாடு மெத்தைத் தொழிலில் வழக்கமானது. வீட்டு நாற்காலிக்கும் பல நேரங்களில் அதுவே பொருந்தும் என்பது என் மதிப்பீடு. கடலோர ஈரத்தில், உட்காருபவரின் வியர்வையில், எளிதில் பிரித்துக் காயவைக்கக்கூடிய அடுக்குக்குத்தான் முதல் மதிப்பு தர வேண்டும்.

தொடாதே என்போர்

1877-இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடங்களைக் காக்கச் சங்கம் தொடங்கியபோது, எதிர்ப்பக்கத்தில் இருந்தது வியோலே-லெ-டியூக்கின் சிந்தனை: பழையதை அதன் முழுமையான வடிவத்துக்குக் கொண்டுவருவதே புதுப்பித்தல் என்பது. கட்டடங்களில் நடந்த அந்தச் சண்டை பின்னர் நாற்காலிக்கும் வந்தது. ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் சட்டத்தில் புதிதாக ஆணித்துளைகள் விழுகின்றன, மரம் பிளக்கிறது. பழைய ஆணித்தலையின் அடியில் சிக்கிய ஓர் இழை மட்டுமே முதல் துணியின் நிறத்துக்குச் சாட்சியாக இருக்கலாம். அதனால்தான் அருங்காட்சியகங்கள் ஆணியே அடிக்காமல், கழற்றி எடுக்கக்கூடிய மெத்தைக்கூடுகளைச் செய்கின்றன. சண்டிகருக்காக 1950-களில் பியர் ஜானரே வடிவமைத்த தேக்கு நாற்காலிகள் ஒருகாலத்தில் உடைந்த குவியலாகக் கிடந்து, பிறகு வெளிநாட்டு ஏலங்களில் பெருந்தொகைக்குப் போயின. அவற்றில் எது அன்றைய பின்னல், எது விற்பனைக்காகச் செய்தது என்ற ஐயம் அந்த வணிகத்தைத் தொடர்ந்து வருகிறது.

தினமும் உட்காரும் வீட்டு நாற்காலிக்கு இந்த நெறியை முழுதாகப் பொருத்துவது மிகை. அதில் எடுத்துக்கொள்ளத்தக்க பாதி உண்டு. பழைய துணியைக் கிழித்தெறியாமல், போட்ட வரிசைக்கு நேர்மாறாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் 'இடது கை வெளிப்புறம்', 'முன்பக்கம்' என்று எழுதிவைப்பது. அதுவே புதுத்துணி வெட்ட அச்சாகவும் ஆகும்.

வீட்டிலா, பட்டறையிலா

வீட்டிலேயே செய்வது என்ற எண்ணத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1940-இல் அமெரிக்க வேளாண்துறை உபரிப் பருத்தியைக் கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்து, அவர்களே மெத்தை தைக்கக் கற்றுக்கொடுத்தது. வறுமையையும் உபரியையும் ஒருசேரத் தீர்க்கும் திட்டம் அது. இன்று அதே வேலை பொழுதுபோக்காகவும் சூழல் அக்கறையாகவும் மாறியிருக்கிறது. நம் ஊர்களில் நடுவழி ஒன்று எப்போதும் இருந்துவந்தது: தையல் இயந்திரத்தோடு வீட்டுக்கே வந்து, வாசலில் உட்கார்ந்து சோபா தைத்துக் கொடுக்கும் தொழிலாளர். துணியும் ஸ்பாஞ்சும் வீட்டுக்காரர் வாங்கியவை, கைவேலை அவருடையது. எதை நிரப்புகிறார் என்பது கண்ணெதிரே தெரியும்.

முதலில் சோதிக்க வேண்டியது சட்டம். கைப்பிடி இரண்டையும் பிடித்து ஆட்டினால் மூட்டுகள் முனகுகின்றனவா? தேக்கோ வேறு கெட்டி மரமோ என்றால் மூட்டைப் பிரித்துப் பசையிட்டு இறுக்கலாம். மரத்தூள் பலகையில் செய்த சட்டம் ஒருமுறை ஏற்ற ஸ்டேப்ளரை இரண்டாம் முறை பிடித்துக்கொள்ளாது. அதற்குச் செலவழிக்கும் துணி வீண். கழற்றும் இருக்கை, நேரான குஷன் உறை, சாய்வு நாற்காலித் துணி ஆகியவை தொடக்கநிலைக் கைக்கு ஏற்றவை. குஷன் ஓரத்துப் பைப்பிங்கைக் கிராஸாக வெட்டினால்தான் மூலையில் மடிப்பின்றித் திரும்பும். ஸ்பிரிங் கட்டுவதும் பட்டன் பதிப்பதும் தேர்ந்த கை கேட்பவை. அவற்றைப் பட்டறைக்கு விடுவதில் குறையொன்றும் இல்லை.

தீராதவை

சொகுசு, ஆயுள், தீ, நச்சு, செலவு ஆகிய ஐந்தையும் ஒரே நிரப்பு நிறைவு செய்வதாக எந்தக் கட்சியாலும் நிறுவ முடியவில்லை. பிரம்பு சொகுசில் தோற்கிறது, முடியும் ஸ்பிரிங்கும் செலவில், ஃபோம் ஆயுளிலும் தீயிலும். அடுக்குகளைத் தனித்தனியே மாற்றக்கூடிய கட்டுமானம் மற்றவற்றைவிட நெடுநாள் பயன் தரும் என்று கருதப் போதிய காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணங்களில் பெரும்பகுதி குளிர்நாட்டு அனுபவத்திலிருந்து வந்தவை. ஆண்டு முழுதும் ஈரமான கடலோரத்தில் சணல் பட்டைக்குப் பதில் ரப்பர் பட்டையா, நைலான் பட்டையா என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும் விடையாகவே இருக்கிறது. வேதிப்பொருள் சேர்க்காமல் ஃபோமைத் தீயிலிருந்து காக்க, இடையில் ஒரு தடுப்புத் துணியை வைப்பது சிலர் முன்வைக்கும் வழி. அது வீட்டுத் தையலுக்கும் விலைக்கும் எவ்வளவு ஒத்துவரும் என்பது இன்னும் முடிவாகவில்லை. ரப்பர் ஊட்டிய நாரைப் படுக்கை அளவில் மட்டுமல்லாமல் நாற்காலி அளவிலும், வளைவுக்கு ஏற்ற மெல்லிய தகடுகளாகவும் சில்லறையில் தாராளமாக விற்றால், வீட்டில் புதுப்பிப்போர் ஸ்பாஞ்சை விட்டு அதற்கு மாறுவார்களா என்பதும் செய்து பார்த்தே அறிய வேண்டியது. அதற்கான மூலப்பொருள் இரண்டும், தேங்காய் நாரும் ரப்பர் பாலும், பொள்ளாச்சிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையிலேயே கிடைக்கின்றன.